நான்கு நிமிடம் யாரும் வரவில்லை

காயம் என்று பார்த்தால் ஒரு பொட்டளவுதான். இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் மேலே, காம்பஸ் முனை இறங்கிய இடம். தையல்கூடப் போடவில்லை. கழுவி மருந்து வைத்து, டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே "அட, இவ்வளவுதானா!" என்று ஆறுதலாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அதற்கப்புறம் பல மாதங்களுக்கு, கதவை ஒரு முறை திரும்பிப் பார்க்காமல் கரும்பலகையில் ஒரு கணக்கை முழுதாகப் போட முடியவில்லை என்னால்.

பதினான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்த பிறகு நடந்தது இது. பள்ளியில் அடி வாங்கிய ஆசிரியர்களும், அடி விழுமோ என்ற பயத்தோடு தினமும் வகுப்புக்குள் போகிற ஆசிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. நானும் சொல்லாமல்தான் இருந்தேன். அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிற விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

மதிய இடைவேளைக்கு அடுத்த பீரியட். மாடியில் கடைசி அறை. பக்கத்து வகுப்பு விளையாட்டுப் பீரியடுக்குப் போயிருந்ததால் அந்த அறை காலி. மைதானத்துச் சத்தம் உள்ளே வருகிறது என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டது நான்தான். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது பாடம். எல்லார் டெஸ்க்கிலும் காம்பஸ் இருந்தது. நான் பலகைப் பக்கம் திரும்பி ஆரத்தை வரைந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் பெஞ்சுக்கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. இரண்டு பையன்கள் எழுந்து நின்றிருந்தார்கள். இடைவேளையில் தொடங்கிய சண்டையாம். ஒருவன் மற்றவனுடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஓடிப்போய் நடுவில் நின்றேன். கத்தினேன். ஒருவனுடைய தோளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். யார் இழுக்கிறார்கள் என்று தெரியாமலே அவன் கையை வீசித் திரும்பினான். கையில் காம்பஸ் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பிள்ளைகள் முன்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பையன்களும் மறுபடி கட்டிப் புரண்டார்கள். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. ஒரு பையன் ஜன்னல் வழியாகக் கத்தி, கீழே போன அட்டெண்டர் காதில் விழுந்து, அவர் மாடி ஏறி வந்து கதவைத் தட்டி... எல்லாரிடமும் கேட்டுப் பிறகு நான் கணக்குப் போட்டதில், ஏறக்குறைய நான்கு நிமிடம்.

இனி நான் செய்த தப்புகளையும், எனக்கு நடந்த தப்புகளையும் சொல்கிறேன்.

முதல் தப்பு, அன்றைக்கே எழுதி வைக்காதது. கை நடுங்கிக்கொண்டிருந்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நான்காவது நாள் எழுத உட்கார்ந்தபோது என் நினைவும், மற்றவர்கள் சொன்னதும், நானே கற்பனை செய்துகொண்டதும் கலந்துபோயிருந்தன. முதலில் தள்ளியது யார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது அந்த இரண்டு பையன்களுக்கும் செய்த அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது. இப்படி ஏதாவது நடந்தால் அன்றே, முடிந்தால் பள்ளியை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். மணி என்ன, யார் எங்கே நின்றார்கள், யார் என்ன வார்த்தை சொன்னார்கள், நான் என்ன செய்தேன், எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னேன். அவ்வளவு போதும். "வெறி பிடித்தவன் போல" மாதிரியான வர்ணனை வேண்டாம். கண்ணால் பார்த்தது மட்டும். காயத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஹெச்.எம்.மிடம் கொடுக்கும்போது ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "வாயால சொன்னாப் போதும் டீச்சர், பெருசாக்க வேண்டாம்" என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. எழுத்தில் இல்லாததால், அடுத்த கூட்டத்தில் அது "ஒரு சின்னத் தள்ளுமுள்ளு" ஆகிவிட்டது.

இரண்டாவது, மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் நடந்ததை முழுதாகச் சொல்லச் சொன்னார்கள். மனசு லேசாகும் என்று நல்லெண்ணத்தில்தான் கேட்டார்கள். பாதியில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. பேசிக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது நம் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. ஆனால் அதிர்ச்சிக்கு ஆளானவரை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் விவரிக்கச் சொல்வது பிற்பாடு வரக்கூடிய மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்பதால், அதைச் செய்ய வேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த நிறுவனம் 2011 இல் கொண்டுவந்த உளவியல் முதலுதவிக் கையேட்டில் சொல்லும் முறையை மூன்றே வார்த்தையில் அடக்கிவிடலாம்: பார், கேள், இணை. அவருக்கு இப்போது என்ன தேவை என்று பார்ப்பது, அவராகச் சொல்ல வந்தால் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு அவரைச் சேர்த்துவைப்பது. அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரு வாய்த் தண்ணீரும், அடுத்த பீரியடை யாராவது எடுத்துக்கொள்வதும், வீடு வரை கூட வர ஒரு ஆளும்தான். இயற்பியல் எடுக்கும் அக்கா ஒருவர் கேட்காமலே அந்த மூன்றையும் செய்தார். அவரை நான் மறக்கமாட்டேன்.

மூன்றாவது, வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகளை நான் மூன்று வாரம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவர்களும்தானே அந்த அறைக்குள் இருந்தார்கள்? ஒரு பெண் தினமும் பின்வரிசையில் முதுகு சுவரில் படும்படி உட்கார ஆரம்பித்திருந்தாள். ஏன் என்று கேட்டபோது, "பின்னாடி யாரும் இருக்கக் கூடாது மிஸ்" என்றாள். எனக்கு இருந்த அதே பயம்தான் அவளுக்கும்.

என் உடம்பு என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எனக்குப் பைத்தியம் பிடிப்பது போல இருந்தது. அந்தப் பையனைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெஞ்சுக்கால் உரசினால் இதயம் தொண்டைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வயிறு கலங்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டப் பிடிக்காமல் பலகையில் எழுதுவதையே விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வாயால் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். வடிவியலைப் பிறகு நடத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். பென்சிலைக் கீழே போட்ட பிள்ளையிடம் எரிந்து விழுந்தேன்.

ஆபத்தில் உடம்பு மோதவோ ஓடவோ தன்னைத் தயாராக்கிக்கொள்கிறது என்று வால்ட்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915 லேயே விளக்கியிருக்கிறார். இதயம் வேகமாக அடிப்பதும், கை சில்லிடுவதும், வயிறு இறுகுவதும் அதன் வேலைதான். எனக்கு ஓடவும் முடியவில்லை, மோதவும் முடியவில்லை. கதவு பூட்டிய அறையில் நின்றேன். ஆபத்து முடிந்துவிட்டது என்பதை அந்த உடம்பு நம்ப மறுத்தது.

முதல் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு, பலருக்குத் தானாகவே குறையும். ஒரு மாதத்தைத் தாண்டியும் தூக்கம், வேலை, வீடு எல்லாவற்றையும் தொந்தரவு செய்தால் தகுந்தவரிடம் போக வேண்டும். தற்கொலை எண்ணமோ, நம்மால் நம்மைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையோ வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற பென்சோடையசெபைன் வகை மாத்திரைகளை, சம்பவம் நடந்த முதல் மாதத்தில் இந்த மாதிரி அதிர்ச்சிக்குக் கொடுக்க வேண்டாம் என்று அதே 2013 வழிகாட்டுதல் சொல்கிறது. எந்த மாத்திரையானாலும் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

நான் ஐந்தாவது வாரம் ஒரு கவுன்சலரிடம் போனேன். "எதுக்குப் பயப்படறீங்க?" என்று கேட்டார். "அந்தப் பையனுக்கு" என்றேன். நிதானமாக, எனக்கு முடிந்த அளவு மட்டும் சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது: "நீங்க சொல்றதுல அந்தப் பையன் ரெண்டு இடத்துலதான் வர்றான். கதவு எட்டு இடத்துல வருது."

நான் அழுதுவிட்டேன். அவர் சொன்னது சரி. என்னைப் பயமுறுத்தியது அந்தக் காம்பஸ் இல்லை. நாற்பது பிள்ளைகளோடு ஒரு அறைக்குள் நான் நான்கு நிமிடம் தனியாக இருந்தேன், யாரும் வரவில்லை. இனியும் வரமாட்டார்கள் என்று என் மனசு முடிவு செய்திருந்தது. அந்த முடிவு தப்பும் இல்லை. பள்ளியில் எதுவுமே மாறவில்லையே! அன்றிலிருந்துதான் "தைரியமா இருக்கணும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டு, அந்த நான்கு நிமிடத்தை எப்படிக் குறைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சிவப்பு அட்டை. வகுப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் உள்ளங்கை அகல அட்டைகள் இரண்டு தொங்கும். அவற்றில் அறை எண் மட்டும் இருக்கும். நான் "அட்டை" என்று சொன்னால், முன்னரே பேசி வைத்த இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒருவர் பக்கத்து வகுப்புக்கு, இன்னொருவர் பி.டி. சாரிடம். போய் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், அட்டையைப் பார்த்ததும் அவர்கள் கிளம்ப வேண்டும். பக்கத்து அறை காலியாக இருக்கும் பீரியட்களில் அதற்குப் பதிலாக யாரிடம் ஓட வேண்டும் என்று அட்டவணையில் முன்பே எழுதிவிட்டோம். இதை மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். முதல் முறை இரண்டு நிமிடம் ஆனது, ஏனென்றால் பி.டி. சார் மைதானத்தின் எந்த மூலையில் இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறை ஒரு நிமிடத்துக்குள் வந்தார்கள். காகிதத்தில் இருக்கும் திட்டத்தை நம்பாதீர்கள், கடிகாரத்தை வைத்து ஓடிப் பாருங்கள்.

இதற்கு நிர்வாகம் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. "இது என்ன ஸ்கூலா, ஸ்டேஷனா?" என்று கேட்டார்கள். அப்போது எனக்குக் கைகொடுத்தது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் ஆவணம்தான். வேலையிடத்தில் வன்முறை, துன்புறுத்தல் பற்றிய 190 ஆவது உடன்படிக்கையை அந்த அமைப்பு 2019 இல் ஏற்றுக்கொண்டது. அதோடு சேர்ந்து வந்த 206 ஆவது பரிந்துரை, இந்த ஆபத்து அதிகம் உள்ள துறைகள் என்று மருத்துவம், போக்குவரத்து, அவசர சேவை போன்றவற்றோடு கல்வியையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உடன்படிக்கை எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தாது, ஏற்று உறுதி செய்த நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். ஆனாலும் அந்தப் பக்கத்தை நீட்டியபோது, இது ஒரு டீச்சரின் மனப் பலவீனம் என்ற பேச்சு அடங்கியது. தனியாகப் போகாமல் ஆறு பேர் கையெழுத்தோடு போனதும் ஒரு காரணம்.

அறைக்குள் மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள். தாழ் போடுவதில்லை. என் மேஜையைக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். காம்பஸ், கத்தரிக்கோல் எல்லாம் தேவைப்படும் நேரத்தில் எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குகிறோம். வகுப்பு லீடரே அதைப் பார்த்துக்கொள்கிறான், பாடம் இதனால் ஒன்றும் தாமதமாவதில்லை.

சண்டை நடக்கும் நேரத்தில் எப்படி நிற்பது என்பதை நான் முறையாகக் கற்றுக்கொண்டேன். நடுவில் போய் நிற்பதில்லை, பின்னாலிருந்து தொடுவதில்லை. கோபத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கதவுக்கும் இடையில் நிற்பதும் இல்லை. வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வேகம் இறங்கும். கை, கால் நீட்டினால் எட்டாத தூரம், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், கைகள் அவன் கண்ணில் படும்படி. முதலில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். பார்க்க ஆள் இருக்கும்வரை பின்வாங்குவது அந்த வயதுப் பையனுக்கு முடியாத காரியம். பேரைச் சொல்லி, தாழ்ந்த குரலில், சின்ன வாக்கியம்: "கீழே வை. வெளியே வா. அப்புறம் பேசலாம்." சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஏன், எதற்கு, யார் தொடங்கினது என்ற விசாரணை எதுவும் அப்போது கூடாது.

"ஒரு பிள்ளை அடி வாங்கும்போது சும்மா நிற்பதா?" என்று என்னிடமே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் நான் இன்றும் சும்மா நிற்கமாட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அன்று நான் நடுவில் போனதால் யாருக்கும் அடி குறையவில்லை. கதவைத் திறந்து முப்பத்தெட்டு பேரை வெளியே அனுப்பி, ஒருவரை ஓடவிட்டிருந்தால் அந்தச் சண்டை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சண்டை ஓய்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் அடுத்த ஆபத்து. கோபம் ஏறி, உச்சிக்குப் போய், மெதுவாக இறங்கும் இந்தச் சுற்றை கப்லான், வீலர் என்ற இருவர் 1983 இல் படம் போட்டு விளக்கினார்கள். அதில் எனக்குப் பயன்பட்டது இறங்கும் பகுதிதான். வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் "ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்று உலுக்கினால் மறுபடி வெடிக்கும். அந்தப் பையனை அன்று அட்டெண்டர் பிடித்துக்கொண்டு வந்த பத்தாவது நிமிடத்தில் ஆபீஸ் ரூமில் நாலு பேர் சுற்றி நின்று விசாரித்தார்கள். அவன் கண்ணாடி அலமாரியைக் குத்தி உடைத்தான். அதையும் அவன் கணக்கில்தான் எழுதினார்கள்.

"ஆரம்பத்துலயே ரெண்டு போட்டிருந்தா அடங்கியிருப்பான்" என்று சொன்ன சக ஆசிரியருக்கு நான் மரியாதையோடு சொன்னது, அடித்து அடக்கப்பட்ட பையன்தான் அன்று அம்மாவைப் பற்றிய ஒரு வார்த்தைக்குக் காம்பஸை எடுத்தான் என்று. அவன் வீட்டில் நடப்பது எங்களுக்குத் தெரியவந்தது பிறகுதான்.

அவனை இடைநீக்கம் செய்த வாரத்தில் கேட்டுக்கு வெளியே இரண்டு பேர் நின்றார்கள். "பாத்துக்கறோம் மிஸ்" என்றார்கள், அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். அப்படிச் செய்யாதீர்கள். மிரட்டல் சின்னதா பெரியதா என்று நாமே தீர்மானிக்க வேண்டாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எழுதி அன்றே ஹெச்.எம்.மிடம் கொடுங்கள், தேவைப்பட்டால் போலீசிலும். பதிலுக்குப் பேசவேண்டாம். கொஞ்ச நாள் வேறு நேரத்தில், யாருடனாவது சேர்ந்து கிளம்புங்கள். வீட்டில் சொல்லிவையுங்கள். எனக்கு அந்த மூன்று நாள்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

பலகைக்குத் திரும்பியது படிப்படியாக. தப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் பயத்துக்குத்தான் தீனி போடுகிறோம் என்று கவுன்சலர் சொன்னார். முதல் வாரம், பிள்ளைகள் இல்லாத வகுப்பில் ஐந்து நிமிடம் பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். வியர்த்தது, ஆனால் நின்றேன். மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் இதயம் கொஞ்சம் அடங்கும். அப்புறம் இயற்பியல் அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகளோடு ஒரு வரி. அப்புறம் ஒரு கணக்கு. அப்புறம் அக்கா இல்லாமல். பெஞ்சை இழுப்பதற்குமுன் சொல்லிவிட்டு இழுக்கும்படி பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டேன். காரணத்தையும் சொன்னேன். சிரிப்பார்களோ என்று நினைத்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "பெஞ்ச் மிஸ்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேராகத் தூக்கி நகர்த்தினார்கள்.

அந்தப் பையன் திரும்பி வருவதற்குமுன் என்னையும் கேட்டார்கள். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைப்பது என்று ஏற்பாடாகியிருந்தது. நான் வேண்டாம் என்றேன். ஒரு சின்ன அறையில் அவன், அவன் அம்மா, பி.டி. சார், நான். கதவு திறந்திருந்தது. எனக்கு என்ன ஆனது என்று சொன்னேன், தூக்கம் வராததையும் சேர்த்து. அவன் ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்கன்னு தெரியாது மிஸ்" என்றான். "தெரியும்" என்றேன். அவனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அது நான் கேட்டதுதான். என்னால் முடியாத ஒன்றை முடியும் என்று காட்டிக்கொள்ள நான் விரும்பவில்லை. வராந்தாவில் பார்த்தால் வணக்கம் சொல்வான், நானும் சொல்வேன்.

அடுத்த வருடம் வேறு வகுப்பில் இரண்டு பையன்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு அதே மாதிரி தொண்டை அடைத்தது. "அட்டை" என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது, ஆனால் முதல் வரிசைப் பெண் அதற்குள் ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள். மற்றவர்கள் ஒத்திகையில் போனது போலவே வரிசையாக வெளியே போனார்கள். நான் கதவுப் பக்கத்தில் நின்று ஒருவன் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பு சார் சாக்பீஸ் கையோடு வந்து நின்றார், பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு பி.டி. சார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பையன்களைத் தனித்தனியாக அழைத்துப் போனார்கள். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் அட்டையை மறுபடி ஆணியில் மாட்டி, அது நேராகத் தொங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.